கடிதத்தில் முதல் பெயர் மொறேயுடையது

‘பிரேவ்ஹார்ட்’ படத்தைப் பார்த்துக் கண் கலங்காத ஆக்கள் எங்களுக்குள் குறைவு. 1995இல் வந்த அந்தப் படத்தில் ஸ்டேர்லிங் சண்டை திறந்த வெளியில் நடக்கும். உண்மையில் அது நடந்தது ஒரு பாலத்தடியில். படம்தானே, பாலத்தை எடுத்ததைக்கூட மன்னித்து விடலாம். ஆனால் கூடவே ஒரு மனிதரையும் எடுத்துவிட்டார்கள். அவர்தான் அன்ட்ரூ மொறே.

1296 ஏப்ரலில் டன்பாரில் ஸ்கொட்லாந்துப் படை முதலாம் எட்வேர்ட் மன்னனின் படையிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் மொறேயும் அவருடைய தந்தையும் இருந்தார்கள். தந்தை லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார், திரும்பி வரவேயில்லை. செஸ்டர் கோட்டையில் அடைக்கப்பட்ட மகன் அந்தக் குளிர்காலத்தில் தப்பி, வடக்கே தன் ஊருக்கு வந்து சேர்ந்தார். 1297 மே மாதம், இன்வர்னஸுக்கு அப்பால் பிளாக் ஐல் பகுதியில் கொடியை உயர்த்தினார். லொக் நெஸ் கரையிலுள்ள உர்கட் கோட்டையை இரவில் தாக்கினார், பிடிக்க முடியவில்லை. ஆனாலும் கோடை முடிவதற்குள் இன்வர்னஸ், எல்ஜின், பான்ஃப் கோட்டைகள் விழுந்துவிட்டன.

அதே மே மாதம்தான் தெற்கே லனார்க்கில் வில்லியம் வொலஸ் ஆங்கிலேய ஷெரிப்பைக் கொன்றார். ஆக, மொறே வொலஸின் பின்னால் போனவர் இல்லை. அவர் தனியாகத் தொடங்கி, தனியாக வென்று, பிறகுதான் வந்து கைகோத்தார்.

செப்டம்பர் 11. ஒடுங்கிய மரப்பாலத்தில் ஆங்கிலப் படை மெல்ல மெல்லக் கடந்து வந்தது. பாதிப்பேர் வரும்வரை இருவரும் பொறுத்திருந்தார்கள். பிறகு பாய்ந்தார்கள். வந்தவர்களால் திரும்பவும் முடியவில்லை, பின்னால் நின்றவர்களால் உதவிக்கு வரவும் முடியவில்லை.

வெற்றி கிடைத்தது. ஆனால் மொறேக்குப் பட்ட காயம் ஆறவேயில்லை.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 11இல், ஜெர்மன் துறைமுக நகரங்களான லூபெக்குக்கும் ஹம்பேர்க்குக்கும் ஒரு கடிதம் போனது: ‘நாடு மீண்டுவிட்டது, உங்கள் வணிகர்கள் பயமில்லாமல் எங்கள் துறைமுகங்களுக்கு வரலாம்’ என்பது சாரம். போர் முடிந்த கையோடு வியாபாரத்தைப் பற்றி யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்! அதில் படைத்தலைவர்கள் என்று இரண்டு பெயர்கள். முதலில் மொறே, அடுத்தது வொலஸ்.

அந்த ஆண்டு முடிவதற்குள் மொறே இறந்துபோனார். வொலஸ் அடுத்த ஆண்டு ஃபோல்கேர்க்கில் தோற்றார். 1305இல் லண்டனில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அந்த மரணம் பாட்டாகியது, 1869இல் ஸ்டேர்லிங்கில் கோபுரமாகியது, கடைசியில் படமுமாகியது. வொலஸுக்குக் கிடைத்ததில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் காயத்தோடு படுக்கையில் கிடந்து செத்தவனை யார் பாடுவார்கள்?

மொறே இறந்தபோது மனைவி கர்ப்பிணி. 1298இல் பிறந்த பிள்ளைக்கும் அன்ட்ரூ என்றே பெயர். ரொபேர்ட் புரூஸின் சகோதரியை மணந்த அந்த மகன், 1335இல் கல்பிளீனில் மூன்றாம் எட்வேர்ட்டின் ஆதரவாளர்களைத் தோற்கடித்தார்.