உறவுசார் தரவுத்தளக் கோப்புகளின் மேலாண்மையும் காப்புப்பிரதியும்

உறவுசார் தரவுத்தளம் ஒன்றில் அட்டவணைகளாகத் தோன்றும் தரவு, வட்டில் கோப்புகளாகவே சேமிக்கப்படுகிறது. இந்தக் கோப்புகளுக்கு இடம் ஒதுக்குதல், மாற்றப் பதிவுகளைக் காப்பகத்தில் சேர்த்தல், காப்புப்பிரதி எடுத்தல், இழப்பு நேர்ந்தால் மீட்டெடுத்தல் ஆகிய பணிகள் சேர்ந்ததே தரவுத்தளக் கோப்பு மேலாண்மை ஆகும். வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மருத்துவமனைப் பதிவேடு, சம்பளப் பட்டியல் எனப் பலவும் இத்தகைய தரவுத்தளங்களில் இருப்பதால், சென்னை பெருங்குடி போன்ற தகவல் தொழில்நுட்பப் பகுதிகளில் பணிபுரியும் தரவுத்தள நிர்வாகிகளுக்கு இது அன்றாட வேலை. எத்தனை நகல்கள் இருந்தாலும், அவற்றிலிருந்து தரவை மீட்டுக் காட்ட முடிந்தால்தான் அவை காப்புப்பிரதி என்ற பெயருக்குத் தகுதி பெறும்.

அட்டவணையும் கோப்பும்

ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970 ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரையில் உறவுசார் மாதிரியை முன்வைத்தார். தரவு வட்டில் எங்கே, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாமலேயே பயனர் அதைக் கேட்டுப் பெற முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. எஸ்கியூஎல் மொழியில் ஒரு வரி எழுதினால் போதும். எந்தக் கோப்பைத் திறப்பது, எந்தப் பக்கத்தைப் படிப்பது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பயனருக்குக் கிடைத்த இந்த விடுதலை நிர்வாகிக்குக் கிடையாது. வட்டு பழுதடையும்போது அட்டவணை அழிவதில்லை, கோப்புதான் அழிகிறது. எனவே எந்தக் கோப்பு எதற்கானது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்புகளின் வகைகள்

மென்பொருளுக்கு மென்பொருள் பெயர்கள் மாறினாலும் கோப்புகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

1. தரவுக் கோப்புகள்: அட்டவணைகளும் சுட்டுவரிசைகளும் இவற்றில் உள்ளன. இவை சம அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வழக்கமான அமைப்பில் ஒரு பக்கத்தின் அளவு ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் 8 கிலோபைட். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் 16 கிலோபைட்.

2. மாற்றப் பதிவுக் கோப்புகள்: தரவில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் நிகழ்ந்த வரிசையிலேயே இவற்றில் எழுதப்படும். ஆரக்கிளில் இது ரீடூ லாக் எனவும் போஸ்ட்கிரெஸில் வால் எனவும் வழங்கப்படுகிறது.

3. கட்டுப்பாட்டுக் கோப்பு: எந்தெந்தத் தரவுக் கோப்புகள் உள்ளன, மாற்றப் பதிவு எதுவரை வந்திருக்கிறது என்ற விவரம் இதில் இருக்கும். அளவில் சிறியது, ஆனால் இது இல்லாமல் தரவுத்தளம் திறக்காது. ஆரக்கிளில் இதன் பிரதிகளை வெவ்வேறு வட்டுகளில் வைப்பது வழக்கம்.

4. அமைவுக் கோப்புகள்: நினைவக அளவு, அனுமதிகள், கோப்புகளின் இருப்பிடம் போன்ற அமைப்புகள் இவற்றில் இருக்கும். காப்புப்பிரதி எடுக்கும்போது அடிக்கடி மறக்கப்படுபவை இவையே.

இட மேலாண்மை

தரவுக் கோப்புகள் வளரும், தாமாகச் சுருங்குவதில்லை. அட்டவணையிலிருந்து பாதி வரிசைகளை நீக்கினாலும் கோப்பின் அளவு பொதுவாகக் குறையாது. காலியான இடம் பின்னர் வரும் வரிசைகளுக்குப் பயன்படும். போஸ்ட்கிரெஸில் நீக்கப்பட்ட வரிசைகளின் இடத்தை மறுபயன்பாட்டுக்கு விடுவிப்பது வேக்கியூம் என்னும் பணி. கோப்பின் அளவுக்கும் வரம்பு உண்டு. 8 கிலோபைட் பக்கம் கொண்ட ஆரக்கிளின் சாதாரணத் தரவுக் கோப்பு ஒன்று 32 ஜிகாபைட் வரைதான் வளரும். அதற்குமேல் புதிய கோப்பு சேர்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தானாகவே 1 ஜிகாபைட்டுக்கு ஒரு கோப்பு என அட்டவணையைப் பிரித்துக்கொள்கிறது.

மாற்றப் பதிவின் வேலை

ஒரு பணப்பரிமாற்றம் உறுதி செய்யப்படும்போது, மாறிய பக்கங்கள் உடனே தரவுக் கோப்பில் எழுதப்படுவதில்லை. அவை நினைவகத்தில் காத்திருக்கும். மாற்றப் பதிவு மட்டும் முதலில் வட்டில் எழுதப்பட்டு, அது எழுதி முடிந்த பிறகே பயனருக்கு "முடிந்தது" என்ற பதில் போகும். சிதறிக் கிடக்கும் பல பக்கங்களை எழுதுவதைவிட, ஒரே கோப்பின் கடைசியில் தொடர்ந்து எழுதுவது விரைவானது என்பதே காரணம். கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் அவ்வப்போது நாட்குறிப்பில் எழுதிவிட்டு, இரவில் பேரேட்டில் ஏற்றுவதைப் போன்றது இது.

மின்சாரம் திடீரென நின்றால் நினைவகத்தில் இருந்த பக்கங்கள் போய்விடும். தரவுத்தளம் மீண்டும் தொடங்கும்போது மாற்றப் பதிவைப் படித்து, தரவுக் கோப்பில் ஏறாமல் போன மாற்றங்களை ஏற்றிக்கொள்ளும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை வெறுமனே நகலெடுத்தால் அது பயன்படாமல் போவதற்கும் இதுவே காரணம். நகலெடுக்கும் நேரத்திலும் பக்கங்கள் மாறிக்கொண்டிருப்பதால், ஒரு கோப்பு காலை 10 மணி நிலையிலும் மற்றொன்று 10.20 நிலையிலும் இருக்கும். இடைப்பட்ட நேரத்து மாற்றப் பதிவும் சேர்ந்திருந்தால்தான் அவற்றை ஒரே நிலைக்குக் கொண்டுவர முடியும்.

காப்பகப்படுத்தல்

காப்பகப்படுத்தல் என்ற சொல் இரு பொருளில் வழங்குகிறது. பழைய ஆண்டுகளின் தரவைத் தனி அட்டவணைக்கோ மலிவான சேமிப்பகத்துக்கோ மாற்றுவது ஒன்று. மாற்றப் பதிவுக் கோப்புகளை அழியாமல் சேர்த்து வைப்பது மற்றொன்று.

ஆரக்கிளில் ரீடூ லாக் கோப்புகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுழற்சியாகப் பயன்படுகின்றன. கடைசிக் கோப்பு நிரம்பியதும் முதல் கோப்பின் மேலேயே எழுதத் தொடங்கும். ஆர்க்கைவ்லாக் முறை இயக்கப்பட்டிருந்தால், மேலெழுதும் முன் பழைய கோப்பு வேறிடத்தில் நகலெடுக்கப்படும். போஸ்ட்கிரெஸில் பொதுவாக 16 மெகாபைட் அளவுள்ள வால் கோப்பு ஒவ்வொன்றும் நிரம்பியதும் காப்பகத்துக்கு அனுப்பப்படும். குறித்த நேரத்துக்கு மீட்பதற்கு மைஎஸ்கியூஎல்லில் பைனரி லாக் பயன்படுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. காப்பக வட்டு நிரம்பிவிட்டால், ஆரக்கிள் அடுத்த கோப்பை மேலெழுத முடியாமல் புதிய மாற்றங்களை நிறுத்திவிடும். போஸ்ட்கிரெஸில் அனுப்பப்படாத வால் கோப்புகள் குவிந்து, வட்டை நிரப்பி, தரவுத்தளத்தையே நிறுத்தக்கூடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே சேவையை முடக்காமலிருக்க, காப்பக இடத்தின் அளவைக் கண்காணிப்பது கட்டாயம்.

காப்புப்பிரதியின் வகைகள்

தருக்கக் காப்புப்பிரதி, அட்டவணைகளை எஸ்கியூஎல் கட்டளைகளாகவோ அதுபோன்ற வடிவிலோ எழுதிவைக்கும். போஸ்ட்கிரெஸின் பிஜி டம்ப், மைஎஸ்கியூஎல்லின் மைஎஸ்கியூஎல் டம்ப் ஆகியவை இதற்கான கருவிகள். ஓர் அட்டவணையை மட்டும் மீட்கவும், வேறு பதிப்புக்கு மாறவும் இது ஏற்றது. பெரிய தரவுத்தளங்களில் மீட்க நெடுநேரம் ஆகும்; போஸ்ட்கிரெஸில் மாற்றப் பதிவுகளை இதன்மேல் ஏற்ற முடியாது.

பௌதிகக் காப்புப்பிரதி, கோப்புகளை அப்படியே நகலெடுக்கும். 1997இல் ஆரக்கிள் 8 உடன் வந்த ஆர்மேன், இவ்வேலையைத் தரவுத்தளம் இயங்கும்போதே செய்கிறது. முழு நகலுக்குப் பிறகு மாறிய பக்கங்களை மட்டும் எடுப்பது கூடுதல் காப்புப்பிரதி எனப்படும். போஸ்ட்கிரெஸில் இவ்வசதி 2024 செப்டம்பரில் வெளிவந்த 17ஆம் பதிப்பில் உள்ளிணைந்த வசதியாகச் சேர்ந்தது.

குறித்த நேரத்துக்கு மீட்டல்

ஒரு நிறுவனம் ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு முழு நகல் எடுக்கிறது என்று கொள்வோம். புதன்கிழமை பிற்பகல் 3.10க்கு ஓர் ஊழியர், நிபந்தனை குறிப்பிடாமல் நீக்கல் கட்டளையை இயக்கிவிடுகிறார். வாடிக்கையாளர் அட்டவணை முழுவதும் காலியாகிறது. ஞாயிறு நகல் மட்டும் இருந்தால் மூன்றரை நாள் வேலை போயிற்று. மாற்றப் பதிவுகளும் காப்பகத்தில் இருந்தால், ஞாயிறு நகலை வேறு கணினியில் மீட்டு, அதன்மேல் பதிவுகளை வரிசையாக ஏற்றி, 3.09க்கு நிறுத்திக்கொள்ளலாம்.

ரெப்ளிகா எனப்படும் இணைத் தரவுத்தளம் இருந்தால் காப்புப்பிரதி தேவையில்லை என்று எண்ணுவது தவறு. வட்டு பழுதானால் ரெப்ளிகா கைகொடுக்கும். தவறான நீக்கல் கட்டளையோ சில நொடிகளில் அங்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்க முடியும், எவ்வளவு நேரத்தில் சேவை திரும்ப வேண்டும் என்ற இரு கேள்விகளுக்கும் நிறுவனம் முதலில் விடை காண வேண்டும். எத்தனை மணிக்கு ஒருமுறை நகல் எடுப்பது, பதிவுகளை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பவை அந்த விடைகளைப் பொறுத்தவை.

நகலின் இருப்பிடம்

பெருங்குடி, பழைய மகாபலிபுரம் சாலைக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் இடையே அமைந்த தாழ்வான பகுதி. 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையிலும் இச்சுற்றுவட்டாரம் நீரில் மூழ்கியது, மின்சாரமும் தடைப்பட்டது. இத்தகைய இடத்தில், மூன்றாம் மாடியிலுள்ள சர்வரின் நகலைத் தரைத்தளத்து அறையில் வைப்பதோ, மின்னாக்கியை அடித்தளத்தில் வைப்பதோ காப்பு ஆகாது. பக்கத்துத் தெருவிலுள்ள கிளையும் அதே வெள்ளத்தில்தான் இருக்கும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இங்கே பயன்படும்: மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், ஒரு பிரதி வெளியூரில். மறையாக்கம் செய்த நகலாயின் அதன் திறவுகோலையும் தனியே வைக்க வேண்டும். திறவுகோல் வெள்ளத்தில் போனால் நகலும் போனதற்குச் சமம். இந்தியாவில் நிறுவனங்கள் மின்னணு வடிவில் வைக்கும் கணக்கேடுகளின் காப்புப்பிரதியை நாட்டுக்குள் உள்ள சர்வரில் நாள்தோறும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட நிறுவனக் கணக்கு விதிகள் கூறுகின்றன.

மீட்பு ஒத்திகை

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பழுதான ரெப்ளிகாவைச் சரிசெய்யும் முயற்சியில், முதன்மைச் சர்வரின் சுமார் 300 ஜிகாபைட் தரவைத் தவறுதலாக நீக்கினார். காப்புப்பிரதிகளைத் தேடியபோது, பிஜி டம்ப் நகல்கள் எடுக்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6 பதிப்பு, அதனால் பணி ஒவ்வொரு முறையும் தோற்றது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த வட்டு நகல் ஒன்றே கைகொடுத்தது. அந்த இடைவெளியில் பதிவான சுமார் 5,000 திட்டங்களின் விவரங்களும் 700 புதிய பயனர் கணக்குகளும் இழக்கப்பட்டன. நிறுவனம் இவ்விவரங்களை வெளிப்படையாக அறிவித்தது.

சென்னையுடன் தொடர்புடைய நிகழ்வு 2021 பிப்ரவரி 24 அன்று நடந்தது. மும்பையில் தேசியப் பங்குச் சந்தையின் வணிகம் காலை 11.40க்கு நின்று, பிற்பகல் 3.45க்கே மீண்டும் தொடங்கியது. தொலைத்தொடர்பு இணைப்புகளின் கோளாற்றைத் தொடர்ந்து சேமிப்பகப் பிணையம் பாதிக்கப்பட்டு, இடர் மேலாண்மை அமைப்பு கிடைக்காமல் போனதாகச் சந்தை விளக்கியது. பேரிடர் காலத்துக்கான மாற்று மையம் சென்னையில் இருந்தது. அன்று வணிகம் அங்கு மாற்றப்படவில்லை. அதற்கு அடுத்த மாதம் செபி விதிகளை இறுக்கியது. முக்கிய அமைப்பு தடைபட்டால் 30 நிமிடங்களுக்குள் பேரிடர் என அறிவிக்க வேண்டும்; அறிவித்த 45 நிமிடங்களுக்குள் சேவையை மீட்க வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை நடந்த சிறப்பு வணிகத்தில் முதல் அமர்வு முதன்மை மையத்திலிருந்தும் இரண்டாம் அமர்வு மாற்று மையத்திலிருந்தும் நடத்திப் பார்க்கப்பட்டன.

சிறிய நிறுவனமும் இதையே தன் அளவில் செய்யலாம். மாதம் ஒருமுறை ஒரு நகலை வேறு கணினியில் மீட்டு, வரிசைகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, ஆன நேரத்தைக் குறித்துவைத்தால் போதும். அந்த வேலையை வழக்கமான நிர்வாகி விடுப்பில் இருக்கும் நாளில் மற்றொருவர் எழுத்து வழிமுறையை மட்டும் வைத்துச் செய்து முடித்தால், மீட்பு ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.