சந்தையை மூடினால் தொற்று நிற்குமா?

சென்னையில் 26ஆம் தேதி முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 2020 ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வந்தது. மறுநாள் அங்குள்ள கோயம்பேடு மொத்தச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. அடுத்த சில நாட்களில் வியாபாரிகளுக்கும் சுமை தூக்குபவர்களுக்கும் கொரோனா உறுதியானது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் தொழிலாளர்கள் லாரிகளிலும் கிடைத்த வண்டிகளிலும் ஊர் திரும்பினார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை எகிறியது.

நெரிசலும் நடமாட்டமும் நோய்க்கு வெவ்வேறு விதமாக உதவுகின்றன. நெரிசல், ஓரிடத்திலேயே ஒருவரிடமிருந்து பலருக்குத் தொற்றவைக்கிறது. நடமாட்டம், நோய் எட்டாத ஊருக்கு அதைக் கொண்டுசேர்க்கிறது. அதற்கு ஒரு லாரி போதும். கோயம்பேட்டில் இரண்டும் சேர்ந்தன.

எல்லா இடங்களும் ஒன்றுபோல் இணைந்திருப்பதில்லை. தெருமுனைக் கடைக்கு ஒரு தெரு வரும்; மொத்தச் சந்தைக்குப் பல மாவட்டங்கள் வரும். இப்படிச் சில மையங்களில் மட்டும் இணைப்புகள் குவிந்த வலைப்பின்னலில், பரவும் வேகம் குறைந்த தொற்றுகூட அணையாமல் நீடிக்கும் என்று 2001இல் பாஸ்டர் சடோராஸ், வெஸ்பிஞானி என்ற இயற்பியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

பாதையை அடைத்தால் மட்டும் போதுமா? வூஹானுக்கு 2020 ஜனவரி 23 அன்று பூட்டுப் போட்டார்கள். வெஸ்பிஞானி குழுவின் கணிப்புப்படி, சீனாவின் மற்ற ஊர்களில் பரவல் தள்ளிப்போனது மூன்று முதல் ஐந்து நாட்கள்தான். தொற்றியவர்கள் பலர் அதற்குள் புறப்பட்டுவிட்டிருந்தார்கள். வெளிநாடுகளுக்குப் போன தொற்று மட்டும் பிப்ரவரி நடுப்பகுதி வரை பெருமளவு குறைந்தது. பயணத்தை 90 சதவீதம் குறைத்தாலும், உள்ளூரில் பரவலைப் பாதியாகவாவது குறைக்காவிட்டால் பெரிய பலனில்லை என்பதே அந்த ஆய்வின் முடிவு.

கோயம்பேடு மூடியபின் திருமழிசையில் குறைந்த கடைகளோடு, இடைவெளி விட்டுத் தற்காலிகச் சந்தை அமைத்தார்கள். அதை முதல் தொற்றுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்குச் சந்தை மூடிய அன்றே கூலி நின்றுபோகிறது. ஊருக்குப் போகாமல் என்ன செய்வார்? அவர்மீது பழி சொல்வது அநியாயம். அடுத்த கொள்ளைநோய் வரும்போது சந்தைகளை முன்கூட்டியே பிரித்து அமையுங்கள். கதவை மூடும் முன், உள்ளே உழைப்பவர்களுக்குப் பரிசோதனையும் தங்க இடமும் சாப்பாடும் கொடுங்கள்.