எல்லை தாண்டிய எல்க் மான்: வேட்டையாடுவோர் அறிய வேண்டிய சட்டம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அற்றுப்போன எல்க், நம் கடமானைக் காட்டிலும் பெரியதும், முதிர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டக்கூடியதுமான மான் இனமாகும். 1997 டிசம்பரில் கன்சாஸிலிருந்து வந்த ஏழு மான்களோடு தொடங்கி 2002 வரை நடந்த மீட்புப் பணியில், 1,500-க்கும் மேற்பட்டவை மாநிலத்தின் கிழக்கே கவுண்டி எனப்படும் 16 உள்ளாட்சி மாவட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. நிலக்கரிக்காக மலைகளை வெட்டியெடுத்தபின் புல் விதைக்கப்பட்ட சுரங்க நிலங்கள் அவற்றுக்கு மேய்ச்சல் நிலமாயின. மீட்பு வட்டாரம் எனப்படும் இந்த 16 கவுண்டிகளுக்குள் பொதுவாகக் குலுக்கலில் தேர்வானவர்களே எல்க்கை வேட்டையாட முடியும்.

வட்டாரத்துக்கு வெளியே சோள வயல்களும் வைக்கோல் நிலங்களும் வேலிகளும் மிகுதி என்பதால், அங்கே எல்க் கூட்டம் நிலைகொள்வதை வனவிலங்குத் துறை விரும்புவதில்லை. ஆகவே சாதாரண மான்களுக்கான வேட்டைப் பருவத்தில், குலுக்கலின்றிப் பெறும் தனி அனுமதியின்பேரில் அங்கு எல்க்கைச் சுடலாம். இந்தத் தளர்வை, எல்லை தாண்டிய விலங்கு எவருக்கும் உரியது எனச் சிலர் புரிந்துகொள்வது பெரும் பிழை. அமெரிக்கச் சட்ட மரபில் காட்டுவிலங்கு நில உரிமையாளரின் சொத்தன்று, மக்கள் சார்பில் மாநிலம் பேணும் பொதுவுடைமை. அது எங்கே அலைந்தாலும் அந்நிலை மாறுவதில்லை. நில உரிமையாளர் தம் நிலத்துக்குள் பிறர் நுழைவதைத் தடுக்கலாமே தவிர, அங்கு மேயும் மானுக்கு உரிமை கோர முடியாது. அதுபோலவே வேட்டை அனுமதி பெற்றவருக்கு அடுத்தவர் நிலத்தில் கால்வைக்கும் உரிமை அதனால் கிடைத்துவிடாது.

கவுண்டி எல்லை காட்டில் கண்ணுக்குத் தெரியாத கோடு என்பதே நடைமுறையில் பெரிய இடர். நேற்றிரவு வெளியே மேய்ந்த எல்க் இன்று காலை வட்டாரத்துக்குள் நிற்குமானால், வெளிவட்டார அனுமதியைக் கொண்டு அதைச் சுடுவது திருட்டு வேட்டையே. அண்டை மாநிலமான வர்ஜீனியாவிலும் புக்கனன், டிக்கென்சன், வைஸ் ஆகிய கவுண்டிகளில் தனி மேலாண்மை வட்டாரமும் தனி விதிகளும் இருப்பதால், மாநில எல்லை அருகே இரட்டிப்புக் கவனம் தேவை. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை கடத்துவது, 1900-இல் இயற்றப்பட்ட லேசி சட்டத்தின்கீழ் நாடளாவிய குற்றமுமாகும்.

சட்டத்தோடு நோயையும் கவனிக்க வேண்டும். மூளையைச் சிதைத்து மான்களைக் கொல்லும் நாட்பட்ட நலிவு நோய், கென்டக்கியில் 2023-இல் முதன்முறையாக ஒரு மானில் உறுதிசெய்யப்பட்டது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதியான சான்று இல்லையெனினும், நோயுற்ற விலங்கின் இறைச்சியை உண்ணலாகாது என்றே நலவாழ்வுத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். தொலைவு அலைந்த எல்க் எந்தக் கூட்டத்தோடு கலந்ததென எவரும் அறியார் என்பதால், அதன் தலையைப் பரிசோதனைக்கு ஒப்படைத்து முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடாதிருப்பது வேட்டையாடியவரின் குடும்பத்துக்கே காப்பு. மூளையையும் முதுகெலும்பையும் வேறிடம் கொண்டுசெல்வது நோயையும் பரப்பக்கூடும்.

சாதாரண மான் என்றெண்ணி எல்க்கைச் சுட்டுவிட்டவர், உடலை அகற்றாமல் உடனே வனவிலங்குக் காவல் அலுவலரை அழைக்க வேண்டும். மறைப்பது பிழையைக் குற்றமாகப் பெருக்கும். எல்க்கால் பயிரிழந்த உழவர் சேதத்தைப் படமெடுத்துத் துறையிடம் முறையிட்டால், விரட்டும் உத்திகளுக்கும் வேலிக்கும் ஆலோசனை கோரலாம். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், துறை வெளியிடும் நடப்புப் பருவக் கையேட்டையும் வட்டார வரைபடத்தையும் புறப்படும் முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.