ரெண்டு கோடு போட்ட கல்யாணம்!

"தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுக்க எதுக்கும்மா ஜாதகம்?"

மூக்கண்டப்பள்ளியில் என் தோழி வீட்டில் பாட்டி கேட்ட கேள்வி இது. நியாயம்தானே? மாப்பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டியதே இந்தப் பாட்டிதான். பையன் தங்கம். சிப்காட்டில் வேலை, சொந்த வீடு. தோழிக்கு ஃபைனல் இயர் முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அவளுக்கும் மாமாவைப் பிடிக்கும். (பிடிக்காமல் கட்டி வைக்கும் கதை வேறு. அது இன்னொரு வாரம்!)

ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. பெரியம்மாவும் தன் தாய்மாமனைத்தான், அதாவது பாட்டியின் தம்பியைத்தான் கட்டிக்கொண்டார். அவர்களுடைய மகனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. "எனக்கும் அப்படி ஆகுமாடா?" என்று கேன்டீனில் என்னிடம் கேட்டாள். ப்ராபபிலிட்டியில் அரியர் வைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனாலும் விடவில்லை. தேடிப் படித்ததில் தெரிந்த முதல் விஷயம், இப்படிக் கேட்பதற்கென்றே ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. ஜெனடிக் கவுன்சலிங். 1947-ல் ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்கர் வைத்த பெயர். நம் ஊரிலிருந்து பெங்களூர் பஸ் ஏறினால் ஓசூர் ரோட்டிலேயே எலக்ட்ரானிக் சிட்டி வருகிறது இல்லையா, அங்கே இருக்கிறது சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனடிக்ஸ். நாம் ஐ.டி. கம்பெனி போர்டு மட்டும்தான் பார்த்துக்கொண்டு போகிறோம்! இந்தப் பக்கம் போனால் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு.

போனதும் ஊசி குத்துவார்கள் என்று நினைத்தால் தப்பு. முதலில் பேப்பரும் பேனாவும்தான். மூன்று தலைமுறைக் குடும்ப மரம் வரைய வேண்டும். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். பாதிப்பு உள்ளவருக்கு உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும். கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு கோடு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரண்டு கோடு! தோழி ரெகார்ட் நோட்டில் வரைந்து பார்த்தாள். பெரியம்மாவுக்கு இரண்டு கோடு. அவளுக்கும் மாமாவுக்கும் இன்னொரு இரண்டு கோடு, இப்போதைக்குப் பென்சிலில்.

ஏன் இந்த இரண்டு கோடு என்றால்... ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு காப்பி. ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. சில கோளாறுகளில் ஒரு காப்பி பழுதாக இருந்தாலும் இன்னொன்று சமாளித்துவிடும். அவர் வெறும் கேரியர், ஆரோக்கியமாகவே இருப்பார். இரண்டு கேரியர்கள் ஜோடி சேர்ந்தால்தான் குழந்தைக்கு 4-ல் 1 வாய்ப்பு. மாமனும் அக்கா மகளும் ஜீன்களில் சராசரியாகக் கால்வாசியைப் பகிர்கிறார்கள். அதனால் ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இது நம் வீட்டு விஷயம் மட்டுமில்லை பாஸ். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். பக்கத்து கர்நாடகாவும் கிட்டத்தட்ட அதே அளவு. அத்தனை குழந்தைகளுக்குமா பிரச்னை? இல்லவே இல்லை. எந்த ஜோடிக்கும் 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் என்றால் அதோடு இன்னும் 2, 3 கூடும். தாய்மாமன் என்றால் அதைவிடக் கொஞ்சம் அதிகம். 'சொந்தத்தில் கட்டினால் ஊனம்தான்' என்று பயமுறுத்துவதும் தப்பு, 'நம்ம வம்சத்தில் ஒன்றும் வராது' என்பதும் தப்பு.

இனி தோழியின் கணக்கு. காது விஷயம் பரம்பரையாக, பாட்டி வழியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மாமா கேரியராக இருக்க 2-ல் 1. தோழியின் அம்மாவுக்கும் 2-ல் 1, அவரிடமிருந்து தோழிக்கு வர இன்னொரு பாதி, ஆக 4-ல் 1. இரண்டு பேருமே கேரியராக இருக்க 8-ல் 1. குழந்தைக்கு வர அதிலும் கால்வாசி. விடை, 32-ல் 1. (அரியர் க்ளியர்!)

டெஸ்ட் எடுத்தால் இந்த 32 காணாமல் போகும். இருவரில் ஒருவர் கேரியர் இல்லை என்றால், அந்த ஜீனைப் பற்றிய பயம் அநேகமாக முடிந்தது. இருவருமே கேரியர் என்றால் 4-ல் 1, அதுவும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக. முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்பதெல்லாம் கிடையாது. தாயத்துக்கு ஞாபகசக்தி ஏது?

கவுன்சலர் 'கட்டிக்கோ', 'கட்டிக்காதே' என்று சொல்ல மாட்டார். கணக்கைப் புரிய வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. எனக்கு முதலில் இது ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால், அவர் தீர்ப்பு சொன்னால் அவரும் இன்னொரு பெரியப்பா ஆகிவிடுவாரே!

ஒரு விஷயம்தான் எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. டெஸ்ட்டை ஆரம்பிக்க வேண்டியது தோழியிடமும் இல்லை, மாமாவிடமும் இல்லை. அந்த அண்ணனிடம். காது கேளாமைக்குக் காரணமாகும் ஜீன்கள் நூற்றுக்கு மேல். வழக்கமாக முதலில் பார்ப்பது கனெக்ஸின் 26 என்கிற சின்ன ஜீன். அதில் இல்லையென்றால் மற்றவற்றை மொத்தமாகத் தேட வேண்டும். அப்போதும் கிடைக்காமல் போகலாம். எது பழுது என்று அவர் ரத்தத்தில் தெரிந்தால்தான், மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்றே தெரியும்.

வீட்டில் சொன்னபோது பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "அப்போ தப்பு என்மேலயா, அவர்மேலயா?" யார் மேலும் இல்லை, யாருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது என்று தோழி விளக்கியிருக்கிறாள். பெரியம்மா பதில் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். 26 வருஷம் ஊர் பேசியது அவரிடம்தானே.

அடுத்தது அண்ணன். கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை, வீட்டிலேயே அதிகம் சிரிக்கிற ஆள். அவரை 'குறை' என்று யாராவது சொன்னால் தோழி சண்டைக்குப் போவாள். இப்போது அவளே போய் "உன்னை மாதிரி குழந்தை பிறக்காமல் இருக்க உன் ரத்தம் வேண்டும்" என்று எப்படிக் கேட்பது? மூன்று நாள் தள்ளிப் போட்டு, கடைசியில் சைகையில் கேட்டே விட்டாள்.

அவர் உடனே சட்டைக் கையை மடித்துக் காட்டிச் சிரித்தாராம். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னை மாதிரிதான் பிறக்கும் என்று தெரிந்தால் மாமாவை வேண்டாம் என்பாயா என்று சைகையில் கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"இன்னும் சொல்லலைடா. சனிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து பெங்களூர் போறோம்."