மண்ணடித் தாதுவும் மின்னோட்டமும்

நிலத்தடியில் புதைந்து கிடக்கும் தாதுவைத் தோண்டித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. நிலத்தினுள் மின்னோட்டத்தைச் செலுத்தி, அஃது எங்கே எளிதாகப் பாய்கிறது, எங்கே தடைப்படுகிறது என அளந்தும் உய்த்துணரலாம். ஆழ்துளைக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்க வருவோர் கம்பி விரித்து முளையடிப்பதை நம் ஊர்களில் கண்டிருப்போம். தாது தேடுவோர் கையாள்வதும் அம்முறையே.

ஒரே நேர்க்கோட்டில், சம இடைவெளியில் நான்கு முளைகள் நடப்படும். வெளிமுளைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள்முளைகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாட்டை அளப்பர். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து, இடைவெளியாலும் 6.28 என்னும் எண்ணாலும் பெருக்கினால் மின்தடை எண் கிடைக்கும். இடைவெளி 20 மீட்டர், ஓட்டம் 0.1 ஆம்பியர், அழுத்தம் 0.05 வோல்ட் எனில், விடை ஏறத்தாழ 63 ஓம்-மீட்டர். முளைகளை அகற்ற அகற்ற மின்னோட்டம் மேலும் ஆழத்திற்குச் செல்லும். பல அடுக்குகளின் கலப்பையே கருவி காட்டுவதால், இதனைத் 'தோற்ற மின்தடை எண்' என்பர்.

இத்துறைக்கு வழிவகுத்தோருள் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் கான்ராட் ஷ்லம்பர்ஜர். 1912-இல் நார்மண்டியில் நிலத்தினுள் மின்னோட்டம் செலுத்தி ஆய்ந்த அவர், அடுத்த ஆண்டு செர்பியாவின் செப்புச் சுரங்க ஊராகிய போர் சென்றார் (பெயரைக் கண்டு யுத்தமென மயங்க வேண்டா). அங்கே அவருக்குத் துணைநின்றது தாம் செலுத்திய மின்னோட்டமன்று. தாதுவே தோற்றுவித்த மின்னழுத்தம். கந்தகம் கலந்த தாதுத்திரளின் மேற்பகுதி ஆக்சிஜன் மிகுந்த மண்ணையும், அடிப்பகுதி ஆக்சிஜன் அற்ற ஆழத்தையும் தொட்டு நிற்பதால், முழுத்திரளும் ஒரு மின்கலம் போல இயங்குகிறது. இத்தகைய இயற்கை மின்னோட்டத்தை 1830-லேயே இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் இராபர்ட் ஃபாக்ஸ் கண்டிருந்தார். ஆயினும், ஈர மண்ணில் வெறும் உலோக முளையை ஊன்றினால் அம்முளையே மின்னழுத்தத்தைத் தோற்றுவித்து அளவைக் கெடுத்துவிடும். ஆகவே ஷ்லம்பர்ஜர், செப்புக் கம்பியைச் செப்புச் சல்பேட்டுக் கரைசலில் அமிழ்த்திய நுண்துளைக் குடுவைகளைப் பயன்படுத்தினார். காந்தத்தன்மையற்ற தாது இவ்வாறு தரைமீதிருந்தே கண்டறியப்பட்டது.

'உலோகம் மின்கடத்தி, ஆகவே மின்தடை எண் தாழ்ந்த இடமெல்லாம் தாது' என மாணவர் சிலர் முடிவுகட்டுவதுண்டு. இம்முடிவை நம்பித் துளையிட்டால் பெரும் பொருள் வீணாகும். உவர்நீர் ஊறிய மண்ணும் களிமண்ணும் மின்னை நன்கு கடத்தும். கிராஃபைட் பாறையோ செப்புத் தாதுவைப் போலவே நடிக்கும். மறுபுறம், துத்தநாகத்தின் முதன்மைத் தாதுவாகிய ஸ்பாலரைட் மின்னை எளிதில் கடத்துவதில்லை. அதனுடன் பிற சல்பைடுகள் கலந்திராவிடில், இம்முறைக்கு அது புலப்படுவதே அரிது.

பாறையில் பொடிப்பொடியாகத் தூவினாற்போல் பரவிய செப்புத்தாதுவும் இவ்வாறே தப்பிவிடும். துகள்கள் ஒன்றையொன்று தொடாமையால் மின்தடை எண் பெரிதும் குறைவதில்லை. அங்கே மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்து பார்ப்பர். அழுத்தம் உடனே மறையாமல், சில நொடிகள் மெல்ல மெல்லத் தேய்ந்தால், துகள்களின் பரப்பில் மின்னேற்றம் தேங்கியிருந்தது எனக் கொள்வர். தூண்டு முனைவாக்க முறை என்பது இதுவே. களிமண்ணும் சிறிதளவு இவ்வாறு நடந்துகொள்ளும். ஆதலால் இங்கும் துளையிட்டுப் பார்த்தே உறுதி செய்கின்றனர்.