பிக்கப் வண்டிக்குப் பக்கவாட்டுப் படி: எதைத் தேர்வது, எப்படிப் பொருத்துவது?

பிக்கப் வண்டியின் கதவுக்குக் கீழே சேஸிஸோடு சேர்த்துப் பொருத்தப்படும் கால்வைப்புதான் பக்கவாட்டுப் படி. பட்டறைகளில் சைடு ஸ்டெப் என்றோ புட்போர்டு என்றோ கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். தரைக்கும் கேபின் தளத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை இரண்டு எட்டாகப் பிரித்துத் தருவதே இதன் வேலை. வண்டிக்கு எடுப்பான தோற்றம், கதவின் அடிப்பாகத்துக்குக் கல்லடியிலிருந்து காப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். படி வாங்கும்போது பலரும் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள். பளபளப்பை முதலில் பார்த்துவிட்டுப் பாதத்தைக் கடைசியில் நினைக்கிறார்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வு குறைவு. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆலைகள், அச்சகங்கள் ஆகியவற்றுக்கிடையே காகிதக் கட்டும் அட்டைப்பெட்டியும் நாள் முழுக்க நகர்கின்றன. நெடுந்தூர லாரி ஓட்டுநர் ஒருமுறை ஏறினால் மணிக்கணக்கில் இறங்க மாட்டார். இங்கே ஓட்டுநரும் சுமை ஆளும் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறார்கள். முழங்கால் வலியும் கால் சறுக்கலும் அதிலிருந்துதான் வருகின்றன.

எல்லா வண்டிக்கும் படி வேண்டியதில்லை. 2005-இல் வந்து தமிழ்நாட்டில் குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸின் கேபின் தாழ்வானது. அதற்குத் தனிப் படி வீண் செலவு. மஹிந்திரா பொலிரோ பிக்கப் உயரமானது. இரண்டு வரிசை இருக்கையுள்ள பொலிரோ கேம்பர், ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து 2016 முதல் வரும் இசுசு வி-கிராஸ் போன்றவற்றில் பின்கதவு வழியாகவும் ஆட்கள் ஏறுவதால், இரண்டு கதவுக்கும் எட்டும் முழுநீளப் படி தேவை. முன்கதவுக்கு மட்டும் வைத்த குட்டைப் படி, பின்னிருக்கைக்காரரைத் தாவி ஏறவைக்கும். சரக்குத் தட்டில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. ஆகவே இங்கே பேசுவது கேபினுக்கான படியைப் பற்றி மட்டுமே.

ஏறுபவர் யார் என்பதை வைத்தே படியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் பெண்கள் ஏராளம். சேலை கட்டியவர்கள் ஒரே எட்டில் உயரம் தாண்ட முடியாது. தரையிலிருந்து கேபின் தளம் 70 செ.மீ. என்றால், படி ஏறக்குறைய 35 செ.மீ.-இல் அமைவது நல்லது. அதற்கும் கீழே இறக்கினால் வேகத்தடையில் தட்டும். குழாயின் முனை திறந்திருந்தாலோ, பிராக்கெட்டின் மூலை கூராக நீட்டியிருந்தாலோ சேலை மாட்டிக்கொள்ளும். முனைகளுக்கு மூடி இருக்க வேண்டும்.

வடிவத்தில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று உருண்டைக் குழாயின் மேல் ஆங்காங்கே ரப்பர் பட்டை பதித்தது. மற்றது அகலமான தட்டைப் பலகை. குழாய் எடுப்பாக இருக்கும், எடையும் குறைவு. ஆனால் ரப்பர் பட்டைக்கு வெளியே கால் விழுந்தால் சறுக்கும். முன்பாதம் முழுதாகப் பதியும் அகலமுள்ள பலகையே உழைக்கும் வண்டிக்கு ஏற்றது.

மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு கூடவே வரும். மேடு பள்ளமாக அச்சடித்த செக்கர் பிளேட்டின் இடுக்குகளை அது மெழுகிவிட்டால், பிடிப்பு இருந்த இடமே தெரியாது. பல் வைத்துத் துளையிட்ட தகட்டில் சேறு துளை வழியே கீழே விழுந்துவிடும். கரிசல்காட்டு வண்டிக்குத் துளைத் தகடுதான் சரி.

உலோகத்தில் சாதாரண இரும்பு விலை குறைவு, வலு அதிகம். பவுடர் கோட்டிங் உரிந்த இடத்திலிருந்து துரு தொடங்கும். துருப்பிடிக்காத எஃகில் 304 ரகம் நீடித்து உழைக்கும். மலிவான 202 ரகத்தில் காலப்போக்கில் துருப்புள்ளி விழலாம். அலுமினியம் இலேசானது, துருப்பிடிக்காது. ஆனால் துருவேறிய இரும்பும் அலுமினியமும் பலமாக மோதினால் மிகுந்த சூடுள்ள பொறி பறக்கக்கூடும். வெடிமருந்து புழங்கும் இடத்துக்குள் போகும் வண்டியில் இந்த இரண்டையும் உரசும்படி சேர்க்கக் கூடாது.

பொருத்துவதில் முதல் விதி, வெல்டிங் கூடாது, போல்ட் மட்டுமே. வெல்டிங் சூடு சேஸிஸ் எஃகின் வலுவைக் கெடுக்கும். அந்த மின்னோட்டம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியைப் பழுதாக்கலாம். டீசல் தொட்டி, பிரேக் குழாய், வயர்கள் எல்லாம் பக்கத்திலேயே ஓடுகின்றன. பட்டாசு ஏற்றும் வண்டி என்றால் ஆபத்து பல மடங்கு. பெட்டிகளை இறக்கிவிட்டாலும் தட்டின் இடுக்குகளில் மருந்துத்தூள் தங்கியிருக்கும். வெல்டிங்கோ கிரைண்டரோ எதுவானாலும், பிராக்கெட்டை வண்டியிலிருந்து தனியே எடுத்து, ஆலைக்கும் கிட்டங்கிக்கும் தொலைவிலுள்ள பட்டறையில் முடித்துக்கொண்டு வர வேண்டும். வெடிபொருள் ஏற்ற உரிமம் பெற்ற வேனில் எந்த மாற்றமும் செய்யுமுன் சிவகாசியிலுள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பல பிக்கப்களின் சேஸிஸில் நிறுவனமே போட்ட துளைகள் இருக்கும். அந்த மாடலுக்கென்றே செய்த படி அவற்றில் உட்காரும். புதிதாகத் துளை போட்டால்தான் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னால் அந்தப் படியை வாங்காமலிருப்பதே நல்லது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். எல்லா பிராக்கெட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, இரண்டு பேர் படியைத் தூக்கிப் பிடித்து, பாடியிலிருந்து இடைவெளி முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கிறதா, கதவு தட்டாமல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே முடுக்க வேண்டும். ஒரு முனையை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுமுனையின் துளை சேராது. சுத்தியலால் தட்டிச் சேர்த்த படி சீக்கிரம் விரிசல் விடும். போல்ட் 8.8 தரமும், நட்டு அதிர்வில் கழலாத நைலான் வளையம் வைத்ததுமாக இருக்கட்டும். இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் வைத்து, படியோடு வரும் தாளிலுள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக, எடையுள்ள ஒருவர் படியின் ஓரத்தில் ஏறி நின்று பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. முன்பக்கத்து இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியபோது சுட்டியது இந்தப் பிரிவைத்தான். வண்டி நிறுவனமே துணைப்பொருளாகத் தரும் படிக்குச் சிக்கல் குறைவு. சக்கரத்தைத் தாண்டி வெளியே நீட்டிய, கூர்முனையுள்ள பட்டறைப் படி எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது கேள்விக்கு உள்ளாகலாம். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு.

மாட்டியபின் முதல் 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பக்கத்துச் சேற்றைக் கழுவிவிட்டுத் துருவைப் பார்ப்பது நல்லது. இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியை விடாமல் இறங்க வேண்டும். சாலையைப் பார்த்துக் குதிப்பவருக்குப் படி எந்த உதவியும் செய்யாது. படி ஆடத் தொடங்கிவிட்டால் அன்றே கழற்றிவிடுங்கள். படி இல்லாத வண்டியில் ஆள் கவனமாக ஏறுவார். ஆடும் படியை நம்பிக் கால் வைப்பவர்தான் விழுவார்.