திருப்பதியில் தமிழருக்கு என்ன வரவேற்பு?

புரட்டாசி பிறந்ததும் திருப்பதி பேருந்து நிலையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ் கேட்கும். சனிக்கிழமை விரதக்காரர்கள், மஞ்சள் உடுத்தி நடந்தே வந்தவர்கள், குழந்தைக்கு முதல் மொட்டை போட வந்த குடும்பங்கள் என்று ஊரே நிரம்பி வழியும். முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும்: "தெலுங்கு தெரியாதே, நம்மை எப்படி நடத்துவார்களோ?" வேறு சிலருக்குத் தயக்கமே கிடையாது: "ஒரு காலத்தில் அது நம்ம ஊர்தானே!"

இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. சித்தூர், திருப்பதி பக்கம் தமிழர் அந்நியரும் இல்லை, உரிமைக்காரரும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்குப் பெரும்பாலும் மனக்கசப்பு வருவதில்லை.

மொழி ஒரு தடையா?

பெரும்பாலும் இல்லை. இன்றைய சித்தூர், 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். அந்த ஆண்டுதான் சித்தூர் தனி மாவட்டமானது. 2022 ஏப்ரலில் அதிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துத் திருப்பதி மாவட்டத்தை உண்டாக்கினார்கள். கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் மக்கள் பேச்சு அந்தக் கோடுகளைப் பார்த்து மாறவில்லை. நகரி, புத்தூர், சித்தூர், குப்பம் பக்கமெல்லாம் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என இரண்டு மொழியும் புழங்குகிறவர்கள் ஏராளம். குப்பத்தில் கன்னடமும் சேர்ந்துகொள்ளும்.

திருப்பதியில் லாட்ஜ்காரர், ஆட்டோக்காரர், பூக்கடை அம்மா என யாத்திரிகரை நம்பிப் பிழைப்பவர்கள் வியாபாரத்துக்கு வேண்டிய தமிழைப் பேசிவிடுவார்கள். திருமலையில் ஒலிபெருக்கி அறிவிப்புகள் தமிழிலும் வரும். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' மாத இதழுக்குத் தமிழ்ப் பதிப்பு உண்டு. வரிசையில் தண்ணீர் கொடுத்து வழி சொல்லும் ஸ்ரீவாரி சேவகர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொண்டர்களையும் பார்க்கலாம்.

சிக்கல் வருவது அலுவலகம், காவல் நிலையம், மருத்துவமனை போன்ற இடங்களில்தான். அங்கே எழுத்தும் பேச்சும் தெலுங்கில் நடக்கும். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தால் நல்லது.

உறவும் வழக்கும்

தமிழ்நாட்டின் வட எல்லை வேங்கடம் என்கிறது தொல்காப்பியப் பாயிரம். ஆழ்வார்கள் அந்த மலையைத் தமிழில் பாடினார்கள். திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழே. இதெல்லாம் பழங்கதையாக முடிந்துவிடவில்லை. மார்கழி மாதம் முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. பிரம்மோற்சவக் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை போகிறது. சென்னையிலிருந்து திருக்குடைகள் ஊர்வலமாகப் போகின்றன. ஆனிவார ஆஸ்தானத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டு வஸ்திரம் போகிறது.

வழக்கும் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு போனது. ம.பொ.சிவஞானம் வடக்கு எல்லைப் போராட்டம் நடத்தினார். பிறகு எல்லைத் தகராறை ஆராய்ந்த படாஸ்கர் செய்த பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது.

அந்தப் போராட்டத்தின் சூடு இன்று யாத்திரிகர் மேல் படுவதில்லை. தண்ணீர், தடுப்பணை என்று இரு மாநிலங்களுக்கும் அவ்வப்போது தகராறு வந்தாலும், அதற்காக யாரும் வரிசையில் நிற்கும் தமிழரை முறைப்பதில்லை. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து "திருப்பதி எங்களுடையது" என்று நாமே பேச்சைத் தொடங்கினால் பதிலும் சூடாகத்தான் வரும். அங்கே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அது அவர்கள் ஊர்.

உலகம் முழுக்க இதே கதைதான்

அமெரிக்கருக்கும் ஐரோப்பா போகும்போது இதே கவலை உண்டு. 2003இல் ஈராக் போர் நடந்தபோது, வம்பு வேண்டாம் என்று பையில் கனடாக் கொடியைக் குத்திக்கொண்டு போன அமெரிக்கர்கள் பற்றிய பேச்சு பரவலாக இருந்தது. நடைமுறையில், நாட்டின் அரசியலையும் எதிரே நிற்கும் மனிதரையும் ஐரோப்பியர்கள் பிரித்தே பார்க்கிறார்கள். பிரெஞ்சுக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்லாமல் பொருளைக் கேட்பதும், அமைதியான ரயில் பெட்டியில் உரக்கப் பேசுவதும்தான் அவர்களை எரிச்சல்படுத்துகின்றன.

கோபம் பெருகும் இடங்களிலும் காரணம் நாடு அல்ல, நெரிசல். 2024 ஜூலையில் பார்சிலோனாவில் ஆர்ப்பாட்டக்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். உள்ளூர்க்காரர்கள் குடியிருக்க முடியாத அளவுக்கு வாடகை ஏறியதே அவர்கள் குறை. அதே ஆண்டு ஏப்ரலில் வெனிஸ் நகரம், கூட்டம் மிகுந்த நாட்களில் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது.

திருப்பதிக்காரர்களுக்கும் இந்த நெரிசல் அன்றாடப் பாடு. மலையடிவாரத்திலேயே வீடு இருந்தும் சுவாமியைப் பார்க்க வெளியூர்க்காரர்களோடு போட்டிபோட வேண்டியிருக்கிறது என்பது அவர்களின் பழைய குறை. அதற்காகவே 2024 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமையில் உள்ளூர் மக்களுக்குத் தனி தரிசன ஏற்பாடு செய்தது தேவஸ்தானம். நெரிசல் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2025 ஜனவரி 8 காட்டியது. வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தில் சிக்கி 6 பேர் இறந்தார்கள். புரட்டாசியிலும் வைகுண்ட ஏகாதசியிலும் முன்பே சீட்டு வாங்காமல் கிளம்பக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

முகம் சுளிக்க வைப்பவை

திருமலையில் எல்லா மாநிலத்தவருக்கும் விதி ஒன்றே. அதை மீறும்போதுதான் முகம் மாறும்.

- கேமரா விளையாட்டு: 2024இல் தமிழ்நாட்டு யூடியூபர் ஒருவர் தரிசன வரிசையில் குறும்பு வீடியோ எடுத்துப் போட்டார். தேவஸ்தானம் கண்டித்து நடவடிக்கை அறிவித்தது. கோயிலுக்குள் செல்போனுக்கே அனுமதி இல்லை.
- அரசியல்: கட்சிக் கொடி, தலைவர் படம் ஒட்டிய வண்டியை மலையடிவாரத்து அலிபிரியில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள். மலைமேல் அரசியல் பேட்டி கொடுக்க 2024 நவம்பரில் தடை வந்தது.
- மது, புகை, அசைவம்: மூன்றும் மலைமேல் கூடாது. சோதனை உண்மையாகவே நடக்கும்.
- காசு நீட்டுவது: கல்யாணகட்டாவில் முடி எடுப்பது இலவசம். நாமே பணத்தை நீட்டிப் பழக்கினால் அடுத்து வரும் ஏழைக் குடும்பத்திடம் அது உரிமையாகவே கேட்கப்படும்.

எல்லோருக்கும் ஒரே வரவேற்பா?

இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர அதிரடிப் படை 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அது உண்மையான மோதல்தானா என்று மனித உரிமை அமைப்புகள் கேள்வி எழுப்பின. திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களின் மலை கிராமங்களிலிருந்து கூலிக்குப் போன ஏழைகள் அவர்கள். குடும்பத்தோடு மொட்டை போட வரும் தமிழருக்குக் கிடைக்கும் புன்னகை, கையில் பையோடு கூட்டமாக வரும் மலைகிராம இளைஞர்களுக்குக் கிடைப்பது அரிது. அவர்களைப் போலீஸ் சந்தேகத்தோடு பார்க்கிறது. அப்படிப்பட்ட குழு கோயிலுக்குப் போவதானால் ஆதார் அட்டையும் தரிசன டோக்கனும் கையில் இருப்பது கூடுதல் பாதுகாப்பு.

கிளம்பும் முன்

300 ரூபாய் சிறப்பு தரிசனச் சீட்டு தேவஸ்தானத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலும் செயலியிலும் மட்டுமே கிடைக்கும். வழக்கமாக இரண்டு மூன்று மாதம் முன்பே விட்டுவிடுவார்கள். "உடனே தரிசனம், தமிழ் பேசும் ஆள் வருவார்" என்று வாட்ஸ்அப்பில் ஆசை காட்டும் தரகரை நம்ப வேண்டாம். ஏமாந்தவர்களில் நம்மவர்கள் பலர்.   சீட்டு கிடைக்காதவர்களுக்குத் திருப்பதியில் விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம் போன்ற இடங்களில் இலவச நேர டோக்கன் தருவார்கள். எதற்கும் ஆதார் கட்டாயம்.

சிறப்பு தரிசனத்துக்கு ஆண்கள் வேட்டி அல்லது குர்தா பைஜாமா, பெண்கள் புடவை, பாவாடை தாவணி அல்லது துப்பட்டாவோடு சுடிதார் அணிய வேண்டும். நடந்து ஏறுவோருக்கு அலிபிரி வழியில் 3,550 படிகள், ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். சிறுத்தை நடமாட்டம் காரணமாகக் குழந்தைகளோடு ஏறும் நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் பலகை வாடகை வண்டியில் போனால் ஆந்திர அனுமதியும் வரியும் கட்டியாகிவிட்டதா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். மலைமேல் சுற்ற தர்ம ரதம் பேருந்தும், வெங்கமாம்பா அன்னதானக் கூடத்தில் சாப்பாடும் இலவசம்.

கடைக்காரரை "அண்ணா" என்றோ "அக்கா" என்றோ கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். இரண்டும் தெலுங்கிலும் புரியும். நாலு தெலுங்கு வார்த்தை தப்பும் தவறுமாகப் பேசினாலும் போதும், எதிரில் இருப்பவர் தானாகவே தமிழுக்கு வந்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. சித்தூர்க்காரர்கள் நம் பக்கம் வருவது பெரும்பாலும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு. காட்பாடி ரயில் நிலையத்தில் தெலுங்கில் வழி கேட்டுத் தடுமாறும் அந்தக் குடும்பத்தை நாம் எப்படி நடத்துகிறோம்? திருப்பதியில் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை முதலில் அங்கே கொடுப்போம்.